பூமியைத் துளைக்கும் சுரங்கம்: மூன்று அலுமினியத் தடங்களில் ஒரு சோதனை

பூமியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மையம் வழியாக ஒரு சுரங்கம் தோண்டி, அதில் ஒரு கல்லைப் போட்டால் என்ன ஆகும்? பதினோராம் வகுப்பு இயற்பியல் படித்தவர்கள் சட்டென்று பதில் சொல்வார்கள். ஆழம் போகப் போக ஈர்ப்பு முடுக்கம் சீராகக் குறையும். மையத்தில் அது சுழியம். கல் மறுமுனை வரை போய்த் திரும்பி வரும், அது தனிச்சீரிசை இயக்கம், ஒரு வழிக்கு 42 நிமிடம்.

பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் இது சரி. ஆனால் நாம் நிற்கும் பூமி அப்படி இல்லை. அதில் ஏறத்தாழ பாதி வழி போகும்வரை ஈர்ப்பு குறைவதே இல்லை, கொஞ்சம் கூடவும் செய்கிறது. இந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற ஒன்றாக இதைச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எங்கள் ஊர் அறிவியல் மன்றத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து முடித்தேன். யாராவது திரும்பச் செய்ய நினைத்தால் உதவுமே என்று அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

முதலில் யோசனை. ஒரு சரிவில் குண்டை உருட்டினால் அதைக் கீழே இழுக்கும் விசை சரிவின் செங்குத்துத் தன்மையைப் பொறுத்தது. சரிவு கூடினால் விசை கூடும், சமதளத்தில் விசையே இல்லை. அப்படியானால் பூமிக்குள் ஒவ்வொரு ஆழத்திலும் ஈர்ப்பு எவ்வளவோ, அதற்கு ஏற்ற சரிவை ஒவ்வொரு இடத்திலும் கொடுத்து ஒரு தடம் செய்தால், அதில் உருளும் குண்டு சுரங்கத்தில் விழும் கல்லைப் போலவே போகும். நேரம் சுருங்கியிருக்கும், ஆனால் விகிதம் மாறாது. உருளும் குண்டு தன் ஆற்றலில் ஒரு பங்கைச் சுழற்சிக்குக் கொடுத்துவிடுகிறது, உண்மைதான். எல்லாத் தடத்திலும் அந்தப் பங்கு ஒன்றே என்பதால் ஒப்பிடுவதற்குத் தடையில்லை.

இப்படி மூன்று தடங்கள். முதலாவது, எங்கும் ஒரே சரிவு, அதாவது மையம் வரை ஈர்ப்பு மாறாமல் இருக்கும் ஒரு கற்பனைப் பூமி. இரண்டாவது பாடப்புத்தகப் பூமி, சரிவு சீராகக் குறைந்து அடியில் சமதளம் ஆகும். மூன்றாவது உண்மையான பூமி. முழுச் சுரங்கமும் தேவையில்லை, மேற்பரப்பிலிருந்து மையம் வரையான பாதியே போதும். மறுபாதி இதன் கண்ணாடிப் பிம்பம். அதோடு, உராய்வினால் குண்டு மறுமுனை வரை ஏறவும் ஏறாது.

அளவு: பூமியின் ஆரம் 6371 கி.மீ., தடத்தின் நீளம் 1 மீட்டர். ஆக ஒரு செ.மீ. என்பது ஏறத்தாழ 64 கி.மீ. மேல்முனைச் சரிவு மூன்றுக்கும் ஒன்றுதான், தடத்தின் நீளத்தில் 10 செ.மீ.க்கு 2 செ.மீ. இறக்கம். இந்தச் சரிவு 9.8 மீ/வி² என்ற மேற்பரப்பு ஈர்ப்பைக் குறிக்கிறது.

முதல் தடத்துக்குக் கணக்கே வேண்டாம். ஒரு மீட்டரில் 20 செ.மீ. இறங்கும் நேர்ச் சரிவு, அவ்வளவுதான். இரண்டாவதற்கு எளிய வாய்பாடு உண்டு: மையத்திலிருந்து தடத்தோடு அளந்த தூரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 10ஆல் பெருக்கினால் அந்த இடத்தின் உயரம் செ.மீ.யில் கிடைக்கும். 50 செ.மீ. தூரத்தில் 2.5, மேல்முனையில் 10.

மூன்றாவதுதான் வேலை வாங்கியது. பூமிக்குள் எந்த ஆழத்தில் எவ்வளவு அடர்த்தி என்பதை நிலநடுக்க அலைகள் பயணிக்கும் நேரத்தை வைத்துக் கணித்திருக்கிறார்கள். ஆடம் ஜீவோன்ஸ்கியும் டான் ஆண்டர்சனும் 1981-ல் வெளியிட்ட அட்டவணைதான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி, மேலோட்டுக்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கான கவசத்தின் மேல்பகுதியில் ஒரு கன செ.மீ.க்கு 3.4 கிராம். கவசத்தின் அடியில் 5.6. அங்கே, 2891 கி.மீ. ஆழத்தில், பாறை முடிந்து உருகிய இரும்பு தொடங்குகிறது. அடர்த்தி ஒரே தாவலில் 9.9 ஆகிவிடுகிறது. மையத்தில் 13.1.

இதை விரிதாளில் 50 கி.மீ. தடிமனுள்ள கூடுகளாகப் பிரித்துப் போட்டோம். ஒவ்வொரு வரிசையிலும் ஆரம், அடர்த்தி, அந்தக் கூட்டின் நிறை, அதற்கு உள்ளே இருக்கும் மொத்த நிறை, அங்கே ஈர்ப்பு. நமக்கு மேலே இருக்கும் கூடுகளின் இழுவிசை எல்லாத் திசையிலும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும் என்று நியூட்டன் 1687-லேயே நிறுவிவிட்டார். அதனால் உள்ளே இருக்கும் நிறை மட்டும்தான் கணக்கு. கடைசி வரிசையில் மொத்த நிறை 5.97 × 10²⁴ கிலோவை ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. அடர்த்தியை எங்காவது தவறான கட்டத்தில் போட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

விரிதாள் பிடிக்காதவர்கள் ஒரு கால்குலேட்டரிலேயே விஷயத்தைப் பிடித்துவிடலாம். பூமியின் நிறையில், நடுவில் இருக்கும் இந்த இரும்புப் பகுதியான கருவத்தின் பங்கு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று, 0.325. கருவத்தின் ஆரம் 3480 கி.மீ., அதாவது பூமியின் ஆரத்தில் 0.546 பங்கு. 0.325-ஐ 0.546-ன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். 1.09 வருகிறது. கருவத்தின் விளிம்பில் நிற்பவர் மேற்பரப்பில் இருப்பவரைவிட 9 சதவீதம் அதிக எடை இருப்பார்! அட்டவணையும் அங்கே 10.7 மீ/வி² என்றுதான் காட்டுகிறது. இறங்கும்போது தலைக்கு மேலே விடுகிற பாறையின் நிறையை இழக்கிறோம், ஆனால் அடர்த்தியான கருவத்தை நெருங்கிக்கொண்டே போகிறோம். கவசம் முழுவதும் இந்த இரண்டும் ஏறக்குறைய சமன் செய்துகொள்கின்றன, முடிவில் நெருக்கம் ஜெயிக்கிறது. கருவத்துக்குள் போன பிறகுதான் ஈர்ப்பு நிஜமாகவே இறங்கத் தொடங்குகிறது.

பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள், “அப்ப புத்தகத்துல இருக்கற வாய்பாடு தப்பா சார்?” தப்பில்லை. ஒரே அடர்த்தி என்ற நிபந்தனையோடுதான் அந்த வாய்பாடு வருகிறது. நிபந்தனையை விட்டுவிட்டு வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தால்தான் சிக்கல். பாடம் நடத்துகிறவர்கள் அந்த ஒரு வரியை அழுத்திச் சொல்லலாம் என்பது என் ஆதங்கம்.

விரிதாளின் ஈர்ப்பு நெடுவரிசையைக் கூட்டிக்கொண்டே வந்தால் தடத்தின் உயரம் வந்துவிடும். மூன்றாவது தடத்துக்குக் கிடைத்தவை: மையத்திலிருந்து 19.2 செ.மீ. தூரத்தில், அதாவது கருவத்தின் நடுவே திடமாக இருக்கும் உட்கருவத்தின் விளிம்பில், உயரம் சுமார் 0.9 செ.மீ. 54.6 செ.மீ. தூரத்தில், கருவம் முடிந்து கவசம் தொடங்கும் இடத்தில், 6.4 செ.மீ. மேல்முனையில் 15.7 செ.மீ. கவசப் பகுதி பார்வைக்கு நேர்கோடு போலவே இருக்கும். கருவத்துக்குள் வந்ததும் வளைந்து அடியில் சமதளமாகும்.

இனி பட்டறை வேலை. 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்று பலகைகள். ஒவ்வொன்றிலும் 5 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டியைப் புள்ளிகளில் வளைத்துப் பிடித்துக் கோடு போட்டோம். ஜிக்சா ரம்பத்தால் கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே வெட்டி, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தோம். பொறுமை வேண்டிய இடம் இதுதான். 5 செ.மீ. நீளத்துக்கு மொத்த இறக்கமே 1 செ.மீ., அதில் ஒரு மி.மீ. மேடு இருந்தால் அந்த இடத்தில் ஈர்ப்பு பத்து சதவீதம் மாறிவிட்டதாக அர்த்தம். உப்புத்தாளை விரலில் பிடித்துத் தேய்த்தால் குழி விழும், ஒரு நீளமான மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும்.

பலகையின் விளிம்பில் அலுமினிய யூ சேனலை டபுள் டேப்பால் ஒட்டினோம். அலுமினிய ஜன்னல் செய்யும் கடைகளில் கிடைக்கும். உள் அகலம் 12 மி.மீ. உள்ளது எடுத்தோம். இந்த அளவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. குண்டு 25 மி.மீ. எஃகுக் குண்டு, பழைய லாரி பேரிங்கிலிருந்து எடுத்தது. அது சேனலுக்குள் இறங்காமல் இரண்டு விளிம்புகள் மேலும் தண்டவாளத்தில் போவதுபோல் உட்கார்ந்து உருளும். அகலமான சேனலில் குண்டை உள்ளே விட்டால் அது பக்கச் சுவரில் உரசி உரசிப் போகும், ஒரு தடவை வந்த நேரம் அடுத்த தடவை வராது.

சேனலின் விளிம்பில் வெட்டுப் பிசிறு கண்ணுக்குத் தெரியாது. நகத்தை விளிம்பின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தில் எல்லாம் மெல்லிய அரம் போட்டு, கடைசியில் நம்பர் 400 தாளால் ஈரத்தில் தேய்த்தோம். தேய்ப்பதற்கு முன்னால் குண்டு உருளும்போது கரகரவென்று சத்தம் வரும். தேய்த்த பிறகு ஒரே சீரான மெல்லிய ரீங்காரம்தான், அதன் சுருதி வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டே வேகம் எப்படிக் கூடுகிறது என்று சொல்லிவிடலாம். நேர்ச் சரிவில் சுருதி கடைசி வரை ஒரே மாதிரி ஏறும். பாடப்புத்தகத் தடத்தில் முதலில் விறுவிறுவென ஏறி, அடிப்பகுதியில் ஏற்றம் நின்று, ஒரே சுருதியில் போய் முடியும். மையத்தை நெருங்கும்போது இழுவிசை இல்லாமல் போவதைக் காதால் கேட்பது என்பது இதுதான். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகவும் பிடித்த இடம் இது.

மூன்று பலகைகளையும் மேல்முனைகள் ஒரே உயரத்தில் இருக்கும்படி ஒரே அடிப்பலகையில் அருகருகே திருகாணி போட்டு நிறுத்தினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும், கடைசிச் சோதனை குண்டு வைத்துத்தான்: இரண்டாவது, மூன்றாவது தடங்களின் அடியில் குண்டை வைத்தால் அது எந்தப் பக்கமும் நகரக்கூடாது. நகர்ந்தால் அடிப்பலகைக்குக் கீழே அட்டைத் துண்டு செருக வேண்டும்.

மேலே ஒரு மரச்சட்டம், கீல் வைத்தது, மூன்று குண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும். கொக்கியை எடுத்தால் சட்டம் முன்பக்கமாகக் கீழே விழும். குண்டுகள் நகரத் தொடங்கும் வேகத்தைவிடச் சட்டம் விழும் வேகம் பல மடங்கு அதிகம் என்பதால் குண்டுகளுக்கு இடைஞ்சல் இல்லை. அடியில் ஆளுக்கொரு இரும்புத் தடுப்பு, குண்டு வந்து மோதினால் டக் என்று கேட்கும். சட்டத்தையும் தடுப்பையும் அந்தந்தக் குறியிலிருந்து 12.5 மி.மீ. கீழ்நோக்கித் தள்ளி வைக்க வேண்டும். நாம் அளப்பது குண்டின் மையம் போகும் தூரத்தை, தொடுவதோ அதன் முன்பக்கம்.

நேரம் அளக்க ஸ்டாப் வாட்ச் உதவாது. போனில் ஒலிப்பதிவு செய்து, கணினியில் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்தால், சட்டம் விழுந்த சத்தமும் மூன்று மோதல்களும் தனித்தனி முட்களாகத் தெரியும். இரண்டு முட்களுக்கு இடைவெளியைப் படித்தால் போதும்.

கொக்கியை எடுத்ததும் நடப்பது இது. நேர்ச் சரிவுக் குண்டும் உண்மைப் பூமிக் குண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து மோதும். ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் பாடப்புத்தகக் குண்டு. கணக்குப்படி நேர்ச் சரிவுக்கு 1.245 விநாடி, உண்மைப் பூமிக்கு 1.251, பாடப்புத்தகத்துக்கு 1.38. நாங்கள் அளந்தது எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடுதல், அது உராய்வின் வேலை. ஆனால் பாடப்புத்தகத் தடத்துக்கும் நேர்ச் சரிவுக்குமான விகிதம் 1.11-ஐ ஒட்டியே நின்றது, வர வேண்டியதும் அதுதான். முதலில் வந்து மோதும் இரண்டு குண்டுகளுக்கும் இடையே இருக்க வேண்டிய வித்தியாசம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அதை எங்கள் கருவியால் பிரிக்க முடியவில்லை. சில தடவை இது முதலில் வரும், சில தடவை அது. இருக்கட்டும். அந்த இரண்டையும் பிரிக்க முடியாமல் இருப்பதே நாங்கள் காட்ட நினைத்த விஷயம்.

இந்த அளவுகோலில் தடத்தில் ஒரு விநாடி என்றால் பூமியில் கால் மணி நேரம். பாடப்புத்தகப் பூமியில் மையத்துக்கு 21 நிமிடம், மறுபக்கம் போக 42 நிமிடம் 12 விநாடி. ஈர்ப்பு மாறாத பூமியில் மறுபக்கம் போக 38 நிமிடம். உண்மையான அடர்த்தியை வைத்து இந்தக் கணக்கைப் போட்டவர் அலெக்ஸாண்டர் கிளாட்ஸ். அப்போது மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். 2015-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் அவர் கொடுத்த விடை 38 நிமிடம் 11 விநாடி. இதே இதழில் 1966-ல் பால் கூப்பர் ஈர்ப்புச் சுரங்கம் பற்றி எழுதியதிலிருந்து 42 நிமிடம்தான் எல்லோர் வாயிலும் இருந்தது. ஈர்ப்பு மாறவே இல்லை என்று மொட்டையாக வைத்துக்கொண்டாலே உண்மையான விடைக்குப் பதினோரு விநாடி பக்கத்தில் வந்துவிடலாம் என்பதைக் கிளாட்ஸ் எடுத்துக்காட்டினார். காரணம் இப்போது தடத்தைப் பார்த்தாலே புரியும். ஈர்ப்பு குறையத் தொடங்கும் இடத்துக்குக் கல் வரும்போது அது ஏற்கெனவே பயங்கர வேகத்தில் இருக்கிறது, கருவத்தைக் கடக்கக் கொஞ்ச நேரம்தான் எடுக்கிறது. அதற்குள் விசை குறைந்தாலும் மொத்த நேரத்தில் பெரிய மாற்றம் வராது.

மையத்தில் வேகம் எவ்வளவு என்பதற்குத் தனியாக அளக்க வேண்டியதில்லை. உயரங்களின் வர்க்கமூலமே சொல்லிவிடும். 10 செ.மீ. உயரமுள்ள பாடப்புத்தகத் தடத்துக்கு விநாடிக்கு 7.9 கி.மீ. (பூமியை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளின் வேகமும் இதேதான்.) 15.7 செ.மீ.க்கு 9.9 கி.மீ. 20 செ.மீ.க்கு 11.2.

அடுத்த சோதனை, பாதி வழியிலிருந்து விடுவது. பாடப்புத்தகத் தடத்தில் குண்டை எங்கிருந்து விட்டாலும் அடிக்கு வர 1.38 விநாடிதான். நுனியிலிருந்து விட்ட குண்டும் ஒரு சாண் தூரத்திலிருந்து விட்ட குண்டும் ஒரே நேரம் எடுக்கும் என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுத்து, அவர்களே மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தார்கள். நேர்ச் சரிவில் அப்படி இல்லை, பக்கத்திலிருந்து விட்டால் சீக்கிரம் வந்துவிடும். உண்மைப் பூமித் தடம் இரண்டு குணத்தையும் காட்டுகிறது. கவசப் பகுதியில் விடும் இடத்தை மாற்றினால் நேரம் நன்றாக மாறுகிறது. கருவத்துக்குள் வந்துவிட்டால் மாற்றம் மிகக் குறைவு: 54.6 செ.மீ. குறியிலிருந்து விட்டாலும், அதில் மூன்றில் ஒரு பங்கான 19.2 செ.மீ. குறியிலிருந்து விட்டாலும் நேரம் 0.9 விநாடியைச் சுற்றியேதான். பூமியில் அது 14 நிமிடத்தை ஒட்டி வரும். ஏறக்குறைய சீரான அடர்த்தி கொண்ட கருவம், தனக்குள் பாடப்புத்தக விதிப்படியே நடந்துகொள்கிறது.

இதெல்லாம் வெறும் கணக்குத்தானே, யாராவது உள்ளே போய்ப் பார்த்தார்களா என்ற கேள்வி வந்தது. பார்த்திருக்கிறார்கள், கொஞ்ச ஆழம்தான். இங்கிலாந்தின் அரசு வானியலாளராக இருந்த ஜார்ஜ் ஏரி, 1854-ல் சவுத் ஷீல்ட்ஸ் அருகே ஹார்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் மேலே ஒரு ஊசலும் சுமார் 383 மீட்டர் கீழே ஒரு ஊசலும் வைத்து ஒப்பிட்டார். கீழே இருந்த ஊசல் நாளொன்றுக்கு இரண்டே கால் விநாடி வேகமாக ஓடியது. அதாவது கீழே ஈர்ப்பு அதிகம். அதை வைத்து பூமியின் சராசரி அடர்த்தி 6.5-க்கு மேல் என்று அவர் கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 5.51, அதனால் அவர் எண் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் ஆழத்தில் ஈர்ப்பு கூடும் என்ற அவருடைய அளவீடு சரியானது. மேலோட்டுப் பாறையின் அடர்த்தி 2.7 அளவில்தான். நாம் நிற்கும் இடத்தின் அடர்த்தி, நமக்குக் கீழே இருப்பதன் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை இறங்க இறங்க ஈர்ப்பு கூடும் என்பது விதி. 5.51-ல் மூன்றில் இரண்டு பங்கு 3.7. அதனால் இன்றுவரை மனிதர்கள் இறங்கிய எந்தச் சுரங்கத்தை எடுத்துக்கொண்டாலும் சாதாரணப் பாறையில் அடியில் எடை கூடத்தான் செய்யும்.

தடத்தில் காட்ட முடியாதவையும் உண்டு. பூமி சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் தரை விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது, 100 கி.மீ. ஆழத்தில் உள்ள சுவர் அதைவிட 7 மீட்டர் குறைவான வேகத்தில் போகிறது. மேலிருந்து வரும் கல் தன் பழைய வேகத்தோடு வந்து கிழக்குச் சுவரில் மோதிவிடும். மோதாமல் போக வேண்டுமானால் துருவத்திலிருந்து துருவத்துக்குத் தோண்ட வேண்டும். காற்றையும் முழுக்க வெளியேற்ற வேண்டும். வெப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் தோண்டிய துளை 1989-ல் 12,262 மீட்டரை எட்டியபோது அங்கே 180 டிகிரி செல்சியஸ். எங்கள் தடத்தில் அந்த ஆழம் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. மேல்முனையில் பேனாவால் ஒரு கோடு போட்டு அதைக் குறித்திருக்கிறோம், கோட்டின் தடிமனிலேயே பாதி ஆழம் போய்விட்டது.

நடுத்தடத்தை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. பூமிக்குப் பொருந்தாத தடம் எதற்கு என்றான் ஒரு பையன். நல்ல கேள்வி. நிறை எவ்வளவு தூரம் மையத்தில் குவிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் நிலைமத் திருப்புத்திறன் எண் ஒன்று உண்டு. சீரான கோளத்துக்கு அது 0.4, பூமிக்கு 0.331. நிலாவுக்கு 0.393. நிலாவின் கருவம் அவ்வளவு சின்னது. ஆக ஒரு கோள் முழுக்க ஒரே அடர்த்தி என்ற பாடப்புத்தகக் கற்பனை நிலாவுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. நிலாவின் ஆரம் 1737 கி.மீ., ஈர்ப்பு 1.62 மீ/வி². அங்கே சுரங்கத்தில் கல்லைப் போட்டால் மறுபக்கம் போக சுமார் 54 நிமிடம். இப்போது அந்தத் தடத்தில் ‘நிலா’ என்று அட்டை ஒட்டியாகிவிட்டது. அளவுகோலும் மாற்றி எழுதியிருக்கிறோம்: ஒரு செ.மீ.க்கு 17.4 கி.மீ., ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 நிமிடம்.